கெய்சர் வீதிக்கு என்ன கல் வேண்டும் என்று கேட்டார்கள்: புறக்கோட்டையில் நீங்கள் கண்டதையும் எழுதுங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து:

கொழும்பு புறக்கோட்டையில், கெய்சர் வீதியில் ஒரு புடைவைக் கடையில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காலையில் வீட்டில் ஒரு கோப்பை தேநீர் குடிப்பேன். அதற்குப் பிறகு மாலை ஆறரைக்கு வீட்டுப் படியேறும் வரை ஒரு மிடறு தண்ணீரும் தொண்டையில் இறங்காது. கடையின் மேல்மாடியில் 11 பேருக்கு ஒரே ஒரு மலசலகூடம். அதன் வாசலில் பாதிக்குத் துணிப் பொதிகள் அடுக்கியிருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. அவசரமென்றால் ஒருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சிறுநீரகத்தில் கல். வைத்தியர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். எப்படிக் குடிப்பது?

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் இளைஞர் கையில் படிவக் கட்டோடு கடைக்கு வந்தார். புறக்கோட்டையை அழகுபடுத்தப் போகிறார்களாம், எங்கள் கருத்து வேண்டுமாம். மரியாதையான பிள்ளை. மூன்று படங்களை மேசையில் விரித்தார். ஒன்றில் சிவப்புக் கல் பதித்த நடைபாதை, மற்றதில் சாம்பல் நிறக் கல், மூன்றாவதில் இரண்டும் கலந்தது. தெருவிளக்குக்கும் இரண்டு மாதிரி வைத்திருந்தார்.

"எந்தக் கல்லானாலும் எனக்குச் சரி, தம்பி. பெண்கள் போவதற்கு ஒரு மலசலகூடம் எந்த இடத்தில் வருகிறது?" என்று கேட்டேன்.

படிவத்தைப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார். "அதற்கு இதில் கேள்வி இல்லை, அன்ரி. கடைசியில் 'வேறு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதட்டுமா?" என்றார். எழுதினார். கட்டம் விரல் நகமளவு. 'மலசல' என்பதோடு கட்டம் முடிந்துவிட்டது, மீதி எழுத்துகளை ஓரத்தில் நெருக்கி எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கியது. 26 வருடத்தில் ஒருவர் வந்து கேட்டதே அன்றைக்குத்தான்.

அவர் போனதும் கடைக்குள் வாக்குவாதம் தொடங்கியது. எங்கள் முதலாளி திட்டத்தின் பக்கம். காலிமுகத்திடலில் குளிரூட்டிய கடைத்தொகுதி வந்த பிறகு குடும்பத்தோடு புறக்கோட்டைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், தெரு நடக்கிற மாதிரி இருந்தால்தான் வியாபாரம் பிழைக்கும் என்கிறார். அது பொய்யில்லை. மழை பெய்தால் எங்கள் வாசலில் கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர் நிற்கிறது. துணி வெட்டுகிற நானாவோ ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது என்று நின்றார். அவருக்கு மிதக்கும் சந்தை மறக்கவில்லை.

எனக்கும் மறக்கவில்லை. 2014 ஓகஸ்டில் அதைத் திறந்தார்கள். பெஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்தை ஒட்டி, பேர வாவியின் கிளைத் தண்ணீருக்கு மேல் 92 கடைகள், நடுவில் மரப்பலகைப் பாதை, சுற்றிலும் மின்விளக்கு. திறந்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. பலகையில் குதித்துக் குதித்து நடந்தாள், ஒரு நீலப் பணப்பை வாங்கிக் கொடுத்தேன். சில வருடம் கழித்து அதே வழியால் போனபோது பலகைகள் இற்றுப்போயிருந்தன, பல கடைகளின் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது, தண்ணீரிலிருந்து எழுந்த நாற்றத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். நடைபாதையில் விற்றுக்கொண்டிருந்தவர்களை எழுப்பித்தான் அங்கே உட்காரவைத்தார்கள். வாங்குகிறவன் அங்கே வராதபோது அவர்கள் மறுபடி நடைபாதைக்கே வந்தார்கள். கீழே ஓடுகிற தண்ணீரைத் துப்புரவாக்காமல் மேலே சந்தை கட்டியதுதான் பிழை. செலவழித்ததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். எதை முதலில் செய்வது என்று அங்கே தினமும் நிற்கிறவர்களிடம் கேட்காமல் செலவழித்தார்கள்.

கேள்விப்பட்டதை விட்டு, நீங்கள் கண்டதை எழுதுங்கள். வரிப்பணம் போன இடத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்தது?

கிராண்ட்பாஸிலிருந்து:

அக்கா, கல் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை, அதாவது மூட்டை சுமக்கும் தொழிலாளி. 34 வருடம் கைவண்டி இழுத்தார். ஒரு சீனி மூட்டை 50 கிலோ. வண்டியில் 15 மூட்டை ஏற்றுவார்கள், சில நாள் 18. அந்தப் பாரத்தோடு போகிறவனுக்குத் தெருவின் ஒவ்வொரு பள்ளமும் தோளில் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்குக் கல் பதித்தார்கள். பதித்த அன்று உண்மையிலேயே அழகாக இருந்தது. நடைபாதை விளிம்பை ஒரு சாண் உயர்த்திவிட்டார்கள். வண்டி ஏற வழியில்லை, ஆகவே பலகைத் துண்டு ஒன்றை வண்டியிலேயே கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் குழாய் வெடித்தது. இந்த நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களில் பலவும் நூறு வருடத்துக்கு மேல் பழையவை, வெடிப்பது புதினமில்லை. தோண்டினார்கள், குழாயைத் திருத்தினார்கள், கல்லை மறுபடி வைத்தார்கள், அடியில் மண்ணை இறுக்காமலே போய்விட்டார்கள். முதல் மழைக்கு அந்த இடம் அமிழ்ந்தது.

அப்பாவின் வண்டிச் சக்கரம் அதில்தான் இறங்கியது. வண்டி ஒருபக்கம் சரிய, கைப்பிடி மேலே எழும்பி அவருடைய தாடையில் அடித்தது. இரண்டு மூட்டை சாக்கடையில் விழுந்தது. தாடையில் ஏழு தையல். சீனியின் பெறுமதியை அந்த மாதக் கூலியில் கழித்தார்கள். அவர் இப்போது வண்டி இழுப்பதில்லை. வாயின் இடது பக்கத்தால் இன்னமும் மெல்ல முடியாது.

எனவே கல் பதிப்பதை நான் எதிர்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் குழாய், அதன் மேல் மண், அதன் மேல்தான் கல். வண்டி ஏறுவதற்கு ஒரு சரிவு வேண்டும். வரைபடம் கீறுகிறவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அப்பாவோடு அந்த வண்டியைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும்.

வெள்ளவத்தையிலிருந்து:

நான் செலவழிக்க வேண்டும் என்கிற பக்கம். சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

அம்மா அப்புத்தளையில் இருக்கிறார், 71 வயது. மாதம் ஒருமுறை கண் கிளினிக்குக்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வருவார். அதிகாலை மூன்றரைக்குப் புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். சென்ற வருடம் ஒரு நாள் நான் போகப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. போய்ப் பார்த்தால், வெளிச்சமில்லாத ஒரு தூணுக்குப் பக்கத்தில், பையை மார்போடு இரண்டு கையாலும் அணைத்தபடி அம்மா நிற்கிறார். உட்காரும் பலகை உடைந்திருந்தது. தரை ஈரம். மலசலகூடத்துக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மகன், வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்" என்றார். வெள்ளவத்தை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நிலையம் 1964இல் கட்டியது. 60 வருடமாகப் பெரிய திருத்தம் எதுவும் நடக்கவில்லை. 2025 செப்டெம்பரில் 42 கோடி 40 இலட்சம் ரூபாய்க்கு அதைப் புனரமைக்கும் வேலையைத் தொடக்கிவைத்தார்கள். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் பலரும் வீண்செலவு என்றார்கள். எல்லோரும் காரில் வருகிறவர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தாமரைக் கோபுரத்துக்கு 10 கோடி டொலருக்கு மேல் போனது, பெரும்பகுதி சீனக் கடன். 2019இல் திறப்பு விழா நடத்தி, 2022 செப்டெம்பரில்தான் சனங்களை உள்ளே விட்டார்கள். அதன் உச்சியில் என் அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ் நிலையத்தில் இருக்கிறது. நகர மையத்துக்குச் செலவு என்றால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

மட்டக்குளியிலிருந்து:

அண்ணன், உங்கள் அம்மாவுக்கு நடந்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போனதை மறக்க முடியுமா? நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பதுளைப் பக்கம் என் அக்காவின் லயத்துக்குப் பின்னால் மலை சரிந்தது. உயிர் தப்பியவர்கள் பாடசாலையில் பாயில் படுத்திருந்தார்கள், அக்காவின் கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. அந்தக் கிழமை கொழும்பில் விளக்குக் கம்பத்தின் மாதிரியைப் பற்றி யாரோ பேசியபோது நான் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன். மாநகர சபைப் பணம் வேறு, அரசாங்கப் பணம் வேறு என்று விளக்கம் சொன்னார்கள். எனக்கும் தெரியும். சோலைவரி கட்டுகிறவள்தான் நானும். தெரிந்திருந்தும் மனம் கேட்கவில்லை.

தெமட்டகொடையிலிருந்து:

இவ்வளவு பேர் எழுதியதால் எனக்கும் துணிவு வந்தது. நாங்கள் கொம்பனித்தெருவில் இருந்தவர்கள். நகர மையத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் எங்கேயாவது போக வேண்டும். அந்த ஆட்கள் நாங்கள்தான். கொழும்பில் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை இப்படிக் கணக்கெடுத்திருந்தார்கள். எங்களை 2014இல் மாற்றினார்கள். 12 மாடி, எங்களுக்கு ஏழாவது. ஏறக்குறைய 400 சதுர அடி. அடுக்குமாடியின் பெயரை எழுதவில்லை, பக்கத்து வீட்டாருக்கு வில்லங்கம் வரக்கூடாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். முன்பிருந்த குடியிருப்பில் 40 குடும்பத்துக்கு நான்கு மலசலகூடம் இருந்தது. விடியுமுன் வாளியோடு வரிசை. இங்கே சொந்தமாக ஒன்று, உள்ளிருந்து பூட்டலாம். முதல் இரவு என் தங்கை வெறுமனே மூன்று முறை போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள்.

அம்மா அப்பம் சுட்டு எங்களை வளர்த்தவர். ஒழுங்கை முகப்பில் ஒரு மண் அடுப்பு, மேலும் கீழும் நெருப்பு, காலை ஐந்து மணிக்கு முதல் அப்பம். பாண் வாங்கப் போகிறவனும் எங்கள் வாசலில் நின்றுவிடுவான். ஏழாம் மாடியில் விறகு எரிக்க முடியாது. கேஸ் அடுப்பில் சுட்டுப் பார்த்தார், கணக்குக் கட்டவில்லை. அதைவிட, ஏழு மாடி ஏறி அப்பம் வாங்க யார் வருவார்கள்? லிப்ட் நிற்கிற நாளில் வீட்டுக்காரருக்கே ஏற முடியாது. வீட்டுக்கு மாதம் 3,960 ரூபாய் கட்ட வேண்டும், 20 வருடத்துக்கு. முன்பு அடுப்பு இரண்டு நாளில் அதைத் தந்துவிடும். அடுப்பில்லாத அம்மாவுக்கு அது மலை. அப்பச்சட்டிகளை இன்னும் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் எடுத்துத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து மறுபடி வைப்பார்.

கீழ்த்தளத்தில் பத்து அடுப்புக்கு ஒரு கொட்டில் போட்டுத் தாருங்கள் என்று மாற்றுவதற்கு முன்பே நாங்கள் ஓர் அலுவலகத்தில் கேட்டோம். கடதாசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். மட்டக்குளித் தங்கச்சி, அக்காவின் பிள்ளைகளுக்கு உடுப்பு அனுப்ப நாங்கள் கடையில் சேர்த்து வைத்திருக்கிறோம், முகவரி தாருங்கள். உங்கள் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாங்கள் விட்டுக்கொடுத்தால் அந்தப் பணம் மலைக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு மாதிரிக் கல்லுக்குத்தான் போகும்.

அந்த இளைஞர் நேற்று மறுபடி வந்தார். வருகிற செவ்வாய் மாலை நாலரைக்கு வியாபாரிகளோடு ஒரு கூட்டமாம். வேலை செய்கிறவர்கள் வரலாமா என்று கேட்டேன். அழைப்பில் அப்படி எழுதவில்லை, வரக்கூடாது என்றும் எழுதவில்லை என்றார். முதலாளியிடம் இரண்டு மணி நேரம் விடுப்புக் கேட்டேன், தந்தார். தானும் வருகிறாராம்.

கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கடை கடையாகப் போய்ப் பெண்களிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். 63 சேர்ந்திருக்கிறது. மூன்று பேர் பயத்தில் பெயரை வெட்டச் சொன்னார்கள், வெட்டிவிட்டேன். காகிதத்தில் மூன்றே விடயம்தான் எழுதியிருக்கிறேன்: பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள மலசலகூடம், அதைத் தினமும் கழுவ ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம், கல் பதிக்குமுன் கீழே உள்ள குழாய். கிராண்ட்பாஸ் தம்பி, வண்டிக்குச் சரிவு என்பதை நாலாவதாகச் சேர்த்துவிட்டேன். எத்தனை அங்குல உயரத்துக்கு எவ்வளவு நீளச் சரிவு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுத் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு வாருங்கள். நாலு மணிக்குக் கடை வாசலில் நிற்பேன்.