'குருத்தழிப்பி' வேண்டாம், 'பின்னலரி' வைக்கலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

மாட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் (சுருக்கமாக எம்எம்பி) என்பது செல்களுக்கு வெளியே உள்ள புரதங்களை வெட்டும் நொதிக் குடும்பம். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் வந்த பரிந்துரை இது:

> மாட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் = குருத்தழிப்பி நொதி. சுருக்கமானது, மூட்டுத் தேய்மானக் கட்டுரைகளுக்கும் பொருந்தும்.

சுருக்கம், சரி. ஆனால் பொருள் பிழைக்கிறது. 1962இல் கிராஸும் லப்பியேவும் இந்தக் குடும்பத்தின் முதல் நொதியைக் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். வால் கரைந்து தவளையாவதற்கு அது வேண்டும். நம் உடலில் புண் ஆறவும் எலும்பு வளரவும் வேண்டும். இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சித் தூண்டல் வந்து, குருத்தெலும்புச் செல்கள் இதை அளவுக்கு மீறிச் சுரக்கும்போதுதான் கேடு. 'அழிப்பி' என்று வைத்தால், அடியோடு ஒழித்துவிட்டால் நல்லது என்றே படிப்பவர் எண்ணுவார். மாரிமாஸ்டாட் என்ற மருந்தைப் புற்றுநோய்க்காகச் சோதித்தார்கள். இந்த நொதிகளைப் பரவலாகத் தடுக்கும் மருந்து அது. எடுத்துக்கொண்ட பலருக்கு மூட்டு வலியும் இறுக்கமும் வந்தன.

'மாட்ரிக்ஸ்' என்பதற்கு 'அணி' என்ற முந்தைய பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. அது கணக்குப் பாடத்து அணி. இங்கே பேசுவது செல்லுக்கு வெளியே கிடக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளையும், அவற்றின் நடுவே நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற புரதத்தையும். அதைப் 'பின்னல்' என்போம். குருத்தெலும்பில் பெரும்பகுதி இந்தப் பின்னல்தான், செல்கள் சொற்பம்.

ஆகவே பின்னலரி நொதி. முதலில் 'பின்னலறு' என்றுதான் எழுதினேன். கொலாஜன் முறுக்கை இது ஒரே இடத்தில் வெட்டுவதால் 'அறு' பொருத்தமாகத் தெரிந்தது. ஆனால் 'பின்னலற்ற' என்று மயங்க இடமுண்டு. கரையான் அரிப்பது, மண் அரிப்பது என்று 'அரி' எல்லாருக்கும் பழகிய சொல். மெல்ல மெல்ல இழப்பதையும் காட்டுகிறது. இக்குடும்பத்தில் கொலாஜனை வெட்டும் எம்எம்பி-13ஐக் கொலாஜனரி எனலாம். அக்ரிகனை வெட்டும் ஏடாம்டிஎஸ்-5 நொதி வேறு குடும்பம், அதற்கு அக்ரிகனரி.

அப்புறம், மருந்துகள். எல்லாவற்றையும் 'தடுப்பான்' என்று எழுதிவருகிறோம், இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, செல் செய்து முடித்த நொதியைத் தொடுவதில்லை. செல்லுக்குள் மரபணு அளவிலேயே உற்பத்தியைக் குறைக்கிறது. மாரிமாஸ்டாட் நேர்மாறு: வெளியே வந்த நொதியின் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. முன்னதை ஆக்கத்தணிப்பி, பின்னதை வினைத்தடுப்பி என்று பிரித்தால், ஆய்வில் அளந்தது நொதியின் அளவையா, செயலையா என்பது தமிழிலேயே விளங்கும். நம் திசுக்களே சுரக்கும் டிம்ப் புரதங்கள் வினைத்தடுப்பிகளில் சேரும்.

சிக்கல் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தில். ஈறு நோய்க்கு 20 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை என, கிருமியைக் கொல்லாத சிறு அளவில் தருவதே இந்த நொதிகளைத் தடுக்கத்தான். குருத்தெலும்புச் செல் வளர்ப்புகளில் அது உற்பத்தியையும் குறைக்கிறது, செயலையும் தடுக்கிறது. அதற்கு மூன்றாவது சொல் தேட வேண்டாம். ஆக்கத்தணிப்பி, வினைத்தடுப்பி இரண்டையும் சேர்த்தே எழுதலாம் என்பது என் எண்ணம். 'பின்னல்' என்றால் சடை நினைவுக்கு வருகிறது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.