காட்டுத் தீக்குப் பிறகு மாடுகளுக்கு என்ன போடுவது?

கேள்வி: இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டது. இப்போது காட்டுத் தீயில் மேய்ச்சல் நிலமும் வேலியும் போய்விட்டன. மாடுகள் தப்பிவிட்டன, தீவனம்தான் இல்லை. வாடி நிற்கும் சோளப்பயிரில் மேய விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வாடிய சோளத்தில், அதிலும் இளங்குருத்தில், சயனைடு விஷம் ஏறியிருக்கும். அறுத்து நன்றாகக் காயவைத்தால் அது குறையும். ஆனால் வாடிய பயிரில் சேரும் இன்னொரு விஷமான நைட்ரேட் காய்ந்தாலும் போகாது. பரிசோதித்த பிறகு போடுங்கள்.

பதில்: அதை விடுங்கள், குளம்பைப் பார்த்தீர்களா? சூடு பட்டது சில நாள் கழித்துத்தான் தெரியும். குளம்புக்கு மேல் தோல் பிரியும், நன்றாக நடந்த மாடு நொண்டும்.

பதில்: எரிந்த மண்ணில் தண்ணீர் சரியாக இறங்காது. முதல் மழையில் சாம்பல் முழுக்கக் குட்டைக்கு வந்துவிடும். அதைத் தடுக்கக் கருகிய மரங்களைச் சரிவில் குறுக்கே போடுங்கள்.

கேட்டவர்: சரி, சோளம் வேண்டாம். ஒரு பசு காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறது, மருத்துவரை வரச் சொல்லிவிட்டேன்.