டிக்கியில் 63 என்று இருந்தால் உள்ளே என்ன இருக்கும்?

கேள்வி: காரைக்குடி வளவு

அனைவருக்கும் வணக்கம். மதுரைத் தரகர் ஒருவர், எங்கள் அம்மான் மகன் மூலமாக, செகண்ட் ஹேண்ட் கார் ஒன்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 2011ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் சி கிளாஸ், வெள்ளை நிறம், டிக்கியின் இடப்பக்கம் ‘சி 63’, வலப்பக்கம் ‘ஏ.எம்.ஜி.’ என்ற எழுத்துகள். அவர் கேட்கும் விலை, அதே வயதுடைய சாதாரண சி கிளாஸின் விலையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மகிழ்ச்சி தர வேண்டிய அந்த விலையே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பினாங்கில் கடை வைத்திருந்த எங்கள் அப்பச்சி, மெர்சிடிஸ் காரின் டிக்கியைப் பார்த்தாலே எஞ்சினைச் சொல்லிவிடலாம் என்பார். 280 என்றால் 2.8 லிட்டர், 240 என்றால் 2.4 லிட்டர், இடையில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும். அந்தக் கணக்குப்படி 63 என்பது 6.3 லிட்டராக இருக்க வேண்டும். ஆனால் தேடிப் பார்த்தால் ஒரு 63 காருக்கு 5.5 லிட்டர் என்றும், இன்னொன்றுக்கு 4 லிட்டர் என்றும், அண்மையில் வந்ததற்கு வெறும் 2 லிட்டர் என்றும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த எண்ணுக்கு என்னதான் பொருள்? நான் பார்க்கப் போகும் கார் உண்மையானதா என்பதை, இந்தத் துறை தெரியாத ஒருவன் எப்படி உறுதி செய்துகொள்வது?

பதில்: பள்ளத்தூர் பழைய பட்டறை

தம்பி, உங்கள் அப்பச்சி சொன்னது அவர் காலத்துக்குச் சரியான கணக்குதான். ஆனால் மெர்சிடிஸின் வேகக் கார்ப் பிரிவான ஏ.எம்.ஜி.யின் 63 என்பது அந்தக் கணக்கில் அடங்காது. நம் பக்கத்தில் மூத்த பேரனுக்கு ஐயாவின் பெயரை இடுவதுபோல் இட்ட பெயர் அது. பேரனின் உயரத்தை ஐயாவின் பெயரை வைத்து அளக்க முடியாது.

அந்த ஐயா யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1963இல் வெளிவந்த ‘600’ என்ற பெரிய மெர்சிடிஸுக்காக 6,332 சி.சி. கொள்ளளவுள்ள, எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின் ஒன்றை உருவாக்கினார்கள். அரசுத் தலைவர்களும் பெருஞ்செல்வர்களும் வாங்கிய அந்த வண்டியின் எஞ்சினை, எரிக் வாக்ஸென்பெர்கர் என்ற பொறியாளர் அதைவிடச் சிறிய 300 எஸ்.இ.எல். காரின் பானட்டுக்குள் பொருத்திப் பார்க்க, அது 1968இல் ‘300 எஸ்.இ.எல். 6.3’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 250 குதிரைத்திறன், நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ ஆறரை வினாடி. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் தோற்றத்தில் இருக்கும் நான்கு கதவு வண்டி, அன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களோடு போட்டியிட்டது என்பதுதான் அதன் வியப்பு. மொத்தம் 6,526 வண்டிகள் செய்தார்கள்.

ஏ.எம்.ஜி. அப்போது மெர்சிடிஸ் நிறுவனத்தின் பகுதி அல்ல. அங்கே பந்தய எஞ்சின்களில் வேலை செய்து, நிறுவனம் அந்தப் பணியைக் கைவிட்டதும் வெளியேறிய ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்ற இருவர் 1967இல் தொடங்கிய தனிப்பட்டறை அது. அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளோடு, ஆஃப்ரெக்ட் பிறந்த கிராஸாஸ்பாக் என்ற ஊரின் முதலெழுத்தும் சேர்ந்தது. ஊர்ப்பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல போலும். அவர்கள் அந்த 6.3 எஞ்சினை 6.8 லிட்டராகப் பெருக்கி, 1971ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் இறக்கினார்கள். இலகுவான பந்தயக் கார்களுக்கு நடுவில் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தச் சிவப்பு வண்டி, பெட்ரோலுக்கும் டயருக்கும் அடிக்கடி நின்று நின்று ஓடியும், ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. ஒரு ஃபோர்டு காப்ரி மட்டுமே அதற்கு முன்னால் முடித்தது. பிறகு அந்த வண்டியைப் பிரான்சின் மாத்ரா நிறுவனம் வாங்கி, விமானங்களின் தரையிறங்கு சக்கரங்களைச் சோதிப்பதற்காக ஓடுதளங்களில் ஓட்டியது. போர்க்காலத்தில் நம் செட்டிநாட்டில் போட்ட பழைய விமான ஓடுதளத்தின் பக்கமாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டியின் நினைவு வரும்.

இந்த எண்கள் நெடுங்காலமாகவே சற்று மிகைப்படுத்திப் பேசுகின்றன. 1975இல் வந்த ‘450 எஸ்.இ.எல். 6.9’ காரின் உண்மையான கொள்ளளவு 6,834 சி.சி. அதை 6.8 என்றுதான் எழுதியிருக்க வேண்டும். அதேபோல, 2006 முதல் ஏ.எம்.ஜி. முழுக்கத் தானே வடிவமைத்துப் பயன்படுத்திய பெரிய வி8 எஞ்சினின் அளவு 6,208 சி.சி.; 62 என்பதே நேர்மையான எண்ணாக இருந்திருக்கும். ஆனால் பழைய 6.3இன் நினைவாக 63 என்று பெயரிட்டார்கள். அதன்பின் வந்த 5,461 சி.சி. இரட்டை டர்போ எஞ்சினுக்கும், 3,982 சி.சி. எஞ்சினுக்கும், 2022இல் அறிமுகமான சி 63இன் 1,991 சி.சி. எஞ்சினுக்கும் அதே பெயர்தான். நீங்கள் சொல்லும் 2011ஆம் ஆண்டு வண்டி உண்மையானதென்றால், அதனுள் அந்த 6,208 சி.சி. எஞ்சின், 457 குதிரைத்திறனோடு இருக்க வேண்டும்.

பதில்: ரஸ்தாக்காரன்

பட்டறை ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவர் 1980களையும் 90களையும் ஒரே தாவலில் கடந்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை மெர்சிடிஸின் வேகமான கார்களில் சிறந்தவை அந்தக் காலத்தில் வந்தவையே, அவற்றில் சிலவற்றில் ஏ.எம்.ஜி.யின் கை படவே இல்லை.

1984 மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் திடலின் புதிய தடத்தைத் திறந்தபோது, புகழ்பெற்ற ஓட்டுநர்கள் எல்லோருக்கும் ஒரே வகைக் காரைக் கொடுத்துப் போட்டி வைத்தார்கள். அந்தக் கார், இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனம் சிலிண்டர் ஹெட்டை வடிவமைத்த 190 ஈ 2.3-16. வென்றவர், அப்போது அதிகம் அறியப்படாத இளைஞராக இருந்த அயர்டன் சென்னா.

1990 இறுதியில் அறிமுகமான 500 ஈ இன்னும் சுவையானது. நம்மூர்த் திருமண வீடுகளின் வாசலில் ஒரு காலத்தில் பெருமையோடு நின்ற, 1995 முதல் புணேயிலும் தயாரான அதே ஈ கிளாஸ் உடலில், 5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி 326 குதிரைத்திறன் எடுத்தார்கள். அகலப்படுத்திய முன்பக்க மட்கார்டுகளோடு அந்த உடல் மெர்சிடிஸின் ஸிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலையின் தயாரிப்பு வரிசையில் நுழையவில்லை. அதனால் போர்ஷே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, வண்டியை இரண்டு தொழிற்சாலைகளுக்கும் இடையே மாறி மாறி அனுப்பி முடித்தார்கள். ஒரு வண்டி முடிய 18 நாட்கள் ஆயினவாம். 10,479 வண்டிகளோடு அது நின்றது. சற்று அகன்ற மட்கார்டுகளையும் டிக்கியில் இருக்கும் எண்ணையும் தவிர, அது வேகமான வண்டி என்று காட்ட வெளியே எதுவும் கிடையாது. எண்ணும் உண்மையான எண்.

ஏ.எம்.ஜி.யும் அந்நாட்களில் எண்ணில் பெரும்பாலும் நேர்மையாகவே இருந்தது. மெர்சிடிஸோடு 1990இல் செய்த ஒப்பந்தத்தின்படி இருவரும் சேர்ந்து உருவாக்கிய முதல் காரான 1993ஆம் ஆண்டின் சி 36இல் 3.6 லிட்டர், பின்னர் வந்த சி 43இல் 4.3 லிட்டர், சூப்பர்சார்ஜர் வைத்த சி 32இல் 3.2 லிட்டர். 55 என்று பெயரிட்டவை மட்டும் 5,439 சி.சி.; அதைக்கூட மன்னித்துவிடலாம். 1999இல் ஏ.எம்.ஜி.யின் 51 சதவீதத்தையும், 2005இல் எஞ்சியதையும் தாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அளவைச் சொல்லிவந்த எண் நினைவுச் சின்னமாக மாறியது அதன் பிறகுதான் என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பதில்: கானாடுகாத்தான் – சென்னை

வரலாற்றை அண்ணன்மார் இருவரும் சொல்லிவிட்டதால், நான் வாங்கும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஏ.எம்.ஜி. என்ற எழுத்து இருக்கும் கார்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. பம்பர், சக்கரம், ஸ்டியரிங் ஆகியவற்றை மட்டும் ஏ.எம்.ஜி. பாணியில் தரும் ‘ஏ.எம்.ஜி. லைன்’ என்பது வெறும் அலங்காரம். எஞ்சின் சாதாரண எஞ்சினேதான். அதற்கு மேல் 35, 43 என்ற வரிசைகள். 2020 நவம்பரில் புணே அருகிலுள்ள சாக்கன் தொழிற்சாலையில், இந்தியாவில் முதன்முதலாக இணைத்து விற்ற ஏ.எம்.ஜி. காரான ஜி.எல்.சி. 43 கூப்பே இந்த வகை. அதன் 3 லிட்டர் வி6 எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் ஓர் எஞ்சினை ஒரே தொழிலாளி முதலிலிருந்து கடைசிவரை கையால் கோத்து, தன் கையொப்பமிட்ட தகட்டை அதன்மேல் பதிக்கும், ஏ.எம்.ஜி.யின் தலைமையிடமான அஃபால்டர்பாக்கின் வழக்கம் அதற்குக் கிடையாது. உங்களுக்குக் காட்டப்போகும் வண்டி உண்மையான சி 63 என்றால், பானட்டைத் திறந்தவுடன் அந்தத் தகடு கண்ணில் பட வேண்டும்.

தகட்டைக்கூடப் போலியாக ஒட்டலாம் என்பதால் அதோடு நின்றுவிடாதீர்கள். உண்மையான சி 63இன் பானட்டில் நீளவாக்கில் இரண்டு புடைப்புகள் இருக்கும், முன்பக்க மட்கார்டுகள் சாதாரண சி கிளாஸில் இருப்பதைவிட அகலமாக இருக்கும். பேட்ஜ் ஒட்டுபவர்கள் இரும்புத் தகட்டு வேலைவரை போவதில்லை. சேசிஸ் எண்ணில் தொடக்கத்தில் வரும் மூன்று எழுத்துகளை அடுத்த ஆறு இலக்கங்கள், அந்தத் தலைமுறையின் நான்கு கதவு சி 63க்கு 204077; எஞ்சின் எண் 156 என்று தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஆர்.சி. புத்தகம். அதில் சிலிண்டர்களின் எண்ணிக்கையும் சி.சி. அளவும் எழுதியிருக்கும். டிக்கியில் இருக்கும் எண்ணை யார் வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம்; ஆர்.சி.யில் 8 சிலிண்டர், 6,208 சி.சி. என்று இருந்தால் மட்டுமே மேலே பேசுங்கள். தரகர் ஆர்.சி.யைக் காட்டத் தயங்கினால் மதுரைக்குப் போகும் பெட்ரோல் செலவையும் மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: காரைக்குடி வளவு

அனைவருக்கும் நன்றி. பெட்ரோல் செலவை மிச்சப்படுத்த முடியவில்லை, ஆர்.சி. வங்கியில் இருக்கிறது, நேரில் வந்தால் நகல் காட்டுகிறேன் என்று தரகர் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வந்தேன்.

கார் பார்வைக்கு மிக அழகாகவே இருந்தது. டிக்கிக்குக் கீழே நான்கு சைலன்சர் வாய்களும் இருந்தன. பானட்டில் புடைப்புகள் இல்லை. திறந்து பார்த்தபோது கையொப்பத் தகடும் இல்லை. நகலை வாங்கிப் படித்தேன்: நான்கு சிலிண்டர், 1,796 சி.சி. நான்கு சைலன்சர் வாய்களில் இரண்டு எந்தக் குழாயோடும் சேராமல் பம்பரில் வெறுமனே திருகப்பட்டிருந்ததை அம்மான் மகன்தான் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தான். பேட்ஜ் முந்தைய உரிமையாளர் ஆசைக்காக மாட்டியது, தாம் 63 என்று வாயால் சொல்லவே இல்லை என்று தரகர் விளக்கம் தந்தார். அவர் அனுப்பிய செய்தி என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. காட்டி வாதிட மனம் வரவில்லை.

பட்டறை ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். உண்மையான ஒன்று எப்போதாவது கிடைத்தால், இந்த ஊரில் அதை வைத்துக் காப்பாற்ற முடியுமா? அல்லது புதிய 2 லிட்டர் 63தான் நமக்குப் பொருத்தமா?

பதில்: பள்ளத்தூர் பழைய பட்டறை

போய் வந்தது வீண் இல்லை தம்பி.

புதியது வேறு வகை வண்டி. 2024 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த அந்தக் காரில், 476 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் எஞ்சினோடு பின் அச்சில் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து, மொத்தம் 680 குதிரைத்திறன் வருகிறது. ஆனால் பேட்டரியோடு எடை 2 டன்னைத் தாண்டிவிட்டது, எட்டு சிலிண்டர் ஓசையும் போய்விட்டது. எண்ணிக்கையில் வென்றிருக்கிறார்கள், வாங்குபவர்கள் எல்லோரும் மயங்கிவிடவில்லை. அறிமுக விலையே 2 கோடிக்கு அருகில் என்பதால், நாம் இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பழைய 6.2 எஞ்சினைக் காப்பாற்ற முடியும், ஆனால் பொறுமை வேண்டும். தொடக்கக் காலத்தில் வந்த எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அரித்து முறிந்து, குளிர்விப்பு நீர் சிலிண்டருக்குள் இறங்கும் குறை உலகெங்கும் அறியப்பட்டது. பின்னர் மேம்பட்ட போல்ட்டுகளைப் பொருத்தினார்கள். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் தேய்வதும் உண்டு. ஆகவே, போல்ட்டுகள் மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினை விடியற்காலையில் உங்கள் காதுபட இயக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நம்மூர்த் தெருக்களின் வேகத்தடைகளில் முன் பம்பர் தட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கார் கொட்டகையின் வாசல் மேடு உயரமாக இருந்தால் அதைச் சற்றுச் சரிவாக்க வேண்டியிருக்கும்.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். விடியற்காலை நான்கு மணிக்குப் பள்ளத்தூரிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும்.