ரெரா நம்பர் வருவதற்குள் மனை விற்கலாமா? (காரைக்குடி)

புதுவயல்காரன்:
முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். பர்மாத் தேக்குத் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் விற்றுப் பழகிய கை. யாவாரம் மந்தம் என்று, தேவகோட்டை ரோட்டில் ஒரு மனைப்பிரிவுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டேன். 40 மனை. ஃபேக்டரியில் செய்த வீட்டை லாரியில் கொண்டுவந்து கிரேனில் இறக்கி வைப்பார்களாம். மாதிரி வீட்டுச் சுவரைத் தட்டினேன், டப்பா சத்தம். அது வாங்குகிறவர் பாடு.

ரியல் எஸ்டேட் விற்பனையைக் கண்காணிக்கிற ரெரா ஆணையத்தில் ஏஜென்ட் பதிவுக்கு நான் இன்னும் மனுப் போடவில்லை. "உங்க நம்பர் வர்ற வரைக்கும் என் நம்பர்ல ஓட்டுங்க, அதுதான் டெம்பரவரி லைசென்ஸ்" என்கிறார் மனைப்பிரிவு முதலாளி. என் பெயருக்குக் கீழே அந்த நம்பரைப் போட்டு 500 கார்டும் அடித்துவிட்டார். நேற்று ஒரு சிங்கப்பூர் பார்ட்டி அட்வான்ஸ் அனுப்ப என் அக்கவுன்ட் நம்பர் கேட்கிறார். அப்படி ஒரு லைசென்ஸ் உண்டா அண்ணே?

கல்லல் ரோடு:
கிடையாதுண்ணே. 2016 ரெரா சட்டம் 9-ஆம் பிரிவைப் பாருங்க. கமிஷன் வாங்கினாலே ஏஜென்ட், பதிவில்லாமல் அந்தத் திட்டத்தில் ஒரு மனைகூட விற்றுக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு விற்பனையிலும் உங்க நம்பரைத்தான் குறிக்கணும். முதலாளி நம்பர் மனைப்பிரிவோடது, உங்களுக்கு ஒட்டாது. மாட்டினால் பிரிவு 62: நாளுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறும். கட்டப்போவது நீங்க, அவரில்லை. அட்வான்ஸை உங்க அக்கவுன்ட்ல வாங்கிடாதீங்க. முதல்ல அந்த மனைப்பிரிவே பதிவாகியிருக்கான்னு பாருங்க.

செக்காலை தம்பி:
ரெரா பதில் சொல்ல வேண்டிய கெடு தாண்டியும் ஒண்ணும் வரலைன்னா பதிவானதாகவே கொள்ளலாம்னு அதே பிரிவில் இருக்கே?

கல்லல் ரோடு:
இருக்கு தம்பி, மனுப் போட்டவங்களுக்கு. அண்ணன் இன்னும் போடவே இல்லையே.

வளவு வீடு:
பழைய வீட்டை விற்றுக் கொடுக்க இந்தப் பதிவெல்லாம் வேண்டாம், பில்டர் விற்கிற திட்டத்துக்குத்தான். ஆனால் பதினோரு பங்காளியிடம் கையெழுத்து வாங்குவதற்கு ரெராவே தேவலை.

புதுவயல்காரன்:
சிங்கப்பூர்க்காரரைப் பொறுக்கச் சொல்லிவிட்டேன். கார்டில் இருந்த நம்பரை ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் வேறு ஏதோ ஊர் மனைப்பிரிவு வருகிறது. முதலாளியிடம் கேட்டேன். "நம்மளது வந்துக்கிட்டே இருக்கு" என்றார். 500 கார்டும் கடையில் ஒரு தூக்குச்சட்டிக்குள் கிடக்கிறது.