‘அகழி’க்கு எந்த அட்டைப்படம்: கோட்டையா, விளக்கேந்திய சிறுவனா?

சத்துவாச்சாரி நிரலர்:
நானும் என் தங்கையும் இரண்டரை ஆண்டுகளாக உருவாக்கிவரும் ‘அகழி’ என்ற கணினி விளையாட்டுக்கு, ‘ஸ்டீம்’ என்னும் இணைய விளையாட்டுக் கடையில் அடுத்த மாதம் பக்கம் திறக்கவிருக்கிறோம். கதை, சிப்பாய்ப் புரட்சி வெடித்த 1806 ஜூலை 10 அன்று விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் தொடங்கி, அதை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேரும்போது முடிகிறது. ஆடுபவர் சிப்பாய் அல்லர். கோட்டைக்குள் விளக்கேற்றும் சிறுவனாக, காவலர் கண்ணில் படாமல் ஒரு கொத்தளத்திலிருந்து மறு கொத்தளத்துக்குச் செய்தி கொண்டுபோக வேண்டும். சண்டையே கிடையாது. கடைப் பட்டியலில் தெரியும் அட்டைப்படத்துக்கு இரண்டு வரைவுகள் இருக்கின்றன. முதலாவது, முழு நிலவில் அகழி நீரில் தலைகீழாகத் தெரியும் கோட்டை மதிலும் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரமும். என் தங்கை நாற்பது நாள் உட்கார்ந்து வரைந்தது. இரண்டாவது, மதிலோரம் மறைந்து நிற்கும் சிறுவனின் முகம், மிக அருகில். எதை வைப்பது என்று வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதால் இங்கே வந்திருக்கிறேன்.

லாங்கு பஜார் பெயின்டர்:
தம்பி, நான் விளையாட்டு ஆடுபவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடைப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவன். பெங்களூரு சாலையில் பேருந்தில் போகிறவர் என் எழுத்தைப் பார்க்கும் நேரம் இரண்டு மூச்சுக்கு மேல் இராது என்பதை வைத்துத்தான் நாங்கள் எழுத்தின் உயரத்தை முடிவு செய்வோம். உங்கள் தங்கை வரைந்த கோட்டை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது என்றாலும், அது நின்று பார்ப்பவருக்கான படம். கடையில் வருகிறவர் நிற்கமாட்டார். முகத்தை வையுங்கள்.

ஆரணி ஓவியர்:
பெயின்டர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்கவில்லை. இன்றைக்குக் கடையைத் திறந்தால் வரிசையாகத் தெரிவதெல்லாம் பாதி இருட்டில் பாதி வெளிச்சத்தில் நிற்கும் முகங்கள்தாம். அந்தக் கூட்டத்தில் இன்னொரு முகம் சேர்ந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? இந்த விளையாட்டிடம் மட்டும் இருப்பதும் வேறு எவரிடமும் இல்லாததும் அந்தக் கோட்டைதான். கருங்கல் மதிலும், அகழியும், கோட்டைக்குள் ஒரு கோயிலும் என்ற அமைப்பைப் பார்த்த உடனே ‘இது எந்த ஊர்’ என்ற கேள்வி எழும், கேள்வி எழுந்தால் விரல் தானாகத் தட்டும். முகம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

காட்பாடி சோதனையாளர்:
வாதம் எங்கே போகும் என்று தெரிந்ததால் இரண்டு படங்களையும் சுருக்கிப் பார்த்துவிட்டேன். ஸ்டீம் கேட்கும் தலைப்புப் படம் 920×430 பிக்சல், முதன்மைப் படம் 1232×706, செங்குத்துப் படம் 748×896, சிறிய படம் 462×174. தேடல் பட்டியல் போன்ற இடங்களில் வருவது அந்தச் சிறிய படம்தான், அதையும் ஸ்டீம் தானே 184×69, 120×45 என்று இன்னும் இரண்டு அளவுகளுக்குக் குறுக்கிக்கொள்கிறது. 120-க்கு 45 என்றால் திரையில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. அந்த அளவில் கோட்டை ஒரு சாம்பல் கோடு, கோபுரம் ஒரு புள்ளி, அகழியில் தெரியும் பிம்பம் இல்லவே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், கடையின் பின்புலமே கருநீலம் என்பது; கருநீல இரவில் வரைந்த கோட்டையை அதன்மேல் வைத்தபோது படத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, நடுவில் நிலவு மட்டும் வெள்ளைப் பொத்தானைப் போல மிதக்கிறது.

இன்னொன்று: முதல் வரைவின் மூலையில் கல்லூரிப் போட்டியில் வென்றதற்கான இலைமாலைச் சின்னம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் அட்டைப்படத்தில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது. விருதும் விமர்சன மதிப்பெண்ணும் தள்ளுபடி வாசகமும் கூடாது. அதை எடுத்துவிடுங்கள்.

ஆரணி ஓவியர்:
நிறம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அது வண்ணத்தைத் திருத்தினால் தீரும் குறை, பொருளை மாற்றச் சொல்லும் காரணம் அன்று. இரண்டாவது வரைவை யாரும் உற்றுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. விழி விரிந்து, வாய் சற்றே திறந்து, கன்னத்தில் நிழல் விழுந்த சிறுவன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேய் விளையாட்டுதான் நினைவுக்கு வருகிறது. பேய்க்கதை தேடி வருகிறவர் வாங்கிவிட்டு, அரை மணி நேரம் விளக்கைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் நடந்தபின் என்ன செய்வார்? வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். தட்ட வைப்பது பெரிதல்ல. தவறானவரைத் தட்ட வைத்தால் அந்தக் கணக்கு வேறுவிதமாகத் திரும்பி வரும்.

சத்துவாச்சாரி நிரலர்:
இது உறைக்கிறது. மாதிரிப் பதிப்பை ஆடிப் பார்த்த நண்பர் ஒருவரும் ‘பேய் எப்போது வரும்’ என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

ஆம்பூர்க்காரி:
எனக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது. புரட்சிக்குக் காரணமானவற்றில் ஒன்று, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் அணிய வேண்டும் என்ற ஆணை. அகழி நீரில் அந்தத் தலைப்பாகை ஒன்று மட்டும் மிதந்தால் எப்படி? தோல் பதனிடும் ஊரில் பிறந்தவள் என்பதால் அந்தக் குஞ்சத்தின்மேல் எனக்கு ஓரவஞ்சனை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காட்பாடி சோதனையாளர்:
அழகான எண்ணம், சகோதரி. வரலாறு தெரிந்தவருக்கு நெஞ்சில் தைக்கும். பிரேசிலில் உட்கார்ந்து பட்டியலை உருட்டுகிறவருக்கு அது தண்ணீரில் கிடக்கும் தொப்பி. அட்டைப்படம் முதலில் சொல்ல வேண்டியது ‘என் கை இதில் என்ன செய்யும்’ என்பதை. வரலாற்றை விளக்கக் கீழே விவரப் பகுதி இருக்கிறது.

குடியாத்தம் ஆசிரியை:
முதல் வரைவைப் பற்றி எவரும் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும். அன்றிரவு முழு நிலவு இல்லை. 1806 ஜூன் 16 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்திருக்கிறது, ஆகவே அன்று அமாவாசை. அடுத்த அமாவாசை ஜூலை நடுவில் வரும். அப்படியானால் ஜூலை 10 விடியலுக்கு முன் வானத்தில் இருந்தது தேய்பிறை நிலவு மட்டுமே. கோட்டையை இவ்வளவு பளிச்சென்று காட்ட அதற்கு வலு இல்லை.

லாங்கு பஜார் பெயின்டர்:
டீச்சர் சொன்னதில் விடையே கிடைத்துவிட்டது. நிலவை அழித்துவிட்டால் அந்த இரவில் வெளிச்சம் எங்கிருந்து வரும்? பையன் கையிலிருக்கும் விளக்கிலிருந்து. கருநீலத்தின்மேல் விளக்கின் மஞ்சளும் செம்மஞ்சளும் விழுந்தால் எவ்வளவு சிறிதாக்கினாலும் கண் அங்கே போகும். முகம் வேண்டாம்; முதுகைக் காட்டுங்கள். பாதி மூடிய விளக்கோடு குனிந்த உருவம், அவனுக்கு மேலே மதிலின் பல் பல்லான விளிம்பு, அதன்மேல் நீள்கிற காவலாளின் நிழல். பதுங்கிப் போகிற கதை என்பது சொல்லாமலே புரியும்.

ஆரணி ஓவியர்:
இது நல்ல படம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் மதிலின் விளிம்பு மட்டும் மிஞ்சினால் அது வேலூரா, ஐரோப்பாவின் ஏதோ ஒரு கோட்டையா? கோபுரத்தை இழந்துவிட்டு ஊரை எப்படிச் சொல்வீர்கள்? ‘நூலகப் பின்னணிப் படம் 3840×1240 அளவில் இருக்கிறதே, கோட்டையை அங்கே வையுங்கள்’ என்று அடுத்து எவரேனும் சொல்வார்கள். அது வாங்கியவருக்கு மட்டும் தெரியும் படம். வாங்காதவருக்குத்தானே ஊரைக் காட்ட வேண்டும்?

காட்பாடி சோதனையாளர்:
ஊரைச் சொல்ல வேண்டியது பெயர். அது தமிழ் எழுத்தில் இருக்கிறது. இந்தப் பட்டியலில் அதைவிடத் தனித்துத் தெரிவது வேறென்ன?

ஆரணி ஓவியர்:
தமிழ் தெரியாதவருக்கு அது அலங்காரம். தெரிந்தவருக்குக்கூட 45 பிக்சல் உயரத்தில் படிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சத்துவாச்சாரி நிரலர்:
பார்த்தோம். நேற்றிரவு தங்கை புதிய வரைவைப் போட்டாள்: குனிந்த உருவம், விளக்கு, நிழல், இடப்பக்க ஓரத்தில் விளக்கொளி எட்டும் தூரத்தில் ஒரு யாளித் தூண். கல்யாண மண்டபத்தின் செதுக்கலை முழுவதும் வரையாமல், தூக்கிய முன்காலும் திறந்த வாயும் மட்டும் நிழலுருவாகத் தெரியும்படி விட்டிருக்கிறாள். ஆரணி அண்ணனுக்காக வைத்தது என்று சொல்லச் சொன்னாள். 184-இல் அது யாளி என்று தெரிகிறது, 120-இல் தெரியவில்லை. பெயர்தான் இப்போது தொல்லை. ‘வேலூர் 1806’ என்ற துணைத்தலைப்பு சிறிய படத்தில் எறும்பு வரிசையாகிவிட்டதால் அங்கே மட்டும் எடுத்துவிட்டோம். ‘அகழி’ என்ற மூன்றெழுத்தில் முதல் இரண்டும் நிற்கின்றன, ‘ழி’ மட்டும் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிறது.

ஆரணி ஓவியர்:
யாளிக்கு நன்றி என்று தங்கையிடம் சொல்லுங்கள். 120-இல் தெரியாத யாளி இல்லாத யாளிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் கருத்து மாறவில்லை.

லாங்கு பஜார் பெயின்டர்:
‘ழி’யைச் சுவரில் எழுதும்போதும் இதே வம்புதான். கீழ் வளைவை அச்செழுத்தில் இருப்பதுபோல் சுருட்டினால் வண்ணம் உள்ளே இறங்கி அடைத்துவிடும். வளைவைத் திறந்து வாலை இடப்பக்கம் இழுத்துவிடுங்கள், மேலே இகரக் குறியை ‘ழ’வின் தலையிலிருந்து ஒரு தூரிகை அகலம் தள்ளித் தூக்குங்கள். எழுத்தின் தடிமனை எல்லா இடத்திலும் ஒன்றாக வைக்காமல், வளைவுக்குள் நுழையும் இடத்தில் பாதியாக்குங்கள். மாற்றியபின் 120 அளவில் ஒரு முறையும், படத்தை வண்ணம் நீக்கி ஒரு முறையும் இங்கே போடுங்கள். சனிக்கிழமை கடை அடைத்தபின் பார்த்துச் சொல்கிறேன்.