34 மிரர்களில் 3 மட்டும் வேறு செக்சம் தருகின்றன. எங்கிருந்து தேடுவது?

நூலேணி:

வணக்கம். ஒரு திறமூல மென்பொருளின் பதிவிறக்கப் பக்கத்தை மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நிரல் எழுதப் பலர் இருக்கிறார்கள், மிரர்களை, அதாவது எங்கள் கோப்புகளின் நகலை வைத்துத் தரும் மற்றவர்களின் சர்வர்களை, கவனிக்க நான் ஒருத்திதான். மொத்தம் 34 மிரர்கள், எல்லாமே அவர்களாக மனமுவந்து தந்தவை. சில பல்கலைக்கழகங்கள், சில இணையச் சேவை நிறுவனங்கள், தன் சொந்த சர்வரில் இடம் ஒதுக்கிய தனியாட்கள் ஐந்தாறு பேர். பட்டியல் ஒரு சாதாரண உரைக் கோப்பு. புதிதாக யாராவது எழுதினால் ஒரு வரி சேர்ப்பேன், இணைப்பு செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒரு வரி எடுப்பேன். இதுவரை இப்படித்தான் ஓடியது.

போன வாரம் ஒரு பயனரிடமிருந்து மின்னஞ்சல். புதிய பதிப்பின் 912 எம்பி கோப்பை இரண்டு முறை இறக்கியிருக்கிறார், இரண்டு முறையும் ஷா-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) எங்கள் பக்கத்தில் உள்ளதோடு பொருந்தவில்லை. "உங்கள் சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று இரவே 34 இடங்களிலிருந்தும் அதே கோப்பை இறக்கிக் கணக்கிட்டேன். 31 சரியாக இருந்தன. மீதி 3 தவறு. ஆனால் அந்த மூன்றும் ஒரே தவறான செக்சத்தைத் தருகின்றன.

இன்னொரு விஷயம். முதன்மை சர்வரின் மேல் அடைவில் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறோம், மணிக்கு ஒருமுறை அதில் நேரம் எழுதப்படும். மிரர் எவ்வளவு பழையது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். தவறான மூன்றில் இரண்டில் அது 12 நாள் பழையது, சரி, புரிகிறது. மூன்றாவதில் 40 நிமிடத்துக்கு முந்தைய நேரம் இருக்கிறது. புதிதாக சிங்க் ஆன, அதாவது முதன்மை சர்வரிலிருந்து இப்போதுதான் நகலெடுத்த, மிரரில் எப்படித் தவறான கோப்பு இருக்க முடியும்?

மூன்றையும் இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதுவும் உறுத்துகிறது. அதில் ஒருவர் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எங்களுக்கு இடம் தருபவர். இதை மற்றவர்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள், எப்போது எடுக்கிறீர்கள், எடுத்தால் எப்படிச் சொல்கிறீர்கள்?

கயிற்றுப்பாலம்:

முதலில் ஒரு கேள்வி. வெளியிட்ட பிறகு அதே பெயரில் கோப்பை மாற்றி ஏற்றினீர்களா? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்கள் ஒரே தவறைச் செய்கின்றன என்றால், அந்தத் தவறு உங்களிடமிருந்து கிளம்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஊகத்தோடு நிற்க வேண்டாம். அந்த மூன்றில் கோப்போடு இருக்கும் ஜிபிஜி கையொப்பத்தையும் (உங்கள் ரகசியச் சாவியால் மட்டும் போடக்கூடிய மின்னணு முத்திரை) இறக்கிச் சரிபாருங்கள். உங்கள் சாவியால் போட்ட கையொப்பம் அந்தப் பழைய கோப்புக்குப் பொருந்தினால், அது நீங்களே ஒரு காலத்தில் வெளியே விட்ட கோப்பு. பொருந்தாவிட்டால் மட்டும் பயப்படுங்கள்.

அடுத்து அந்த 40 நிமிட மர்மம். ஒன்பது வருடம் மிரர் பார்த்ததில் இதே சிக்கலை நான் இரண்டு முறை பிடித்திருக்கிறேன், இரண்டு முறையும் வட்டு நிறைந்ததுதான் காரணம். மிரர்கள் நகலெடுக்கப் பயன்படுத்தும் ஆர்சிங்க் கருவி ஒரு கோப்பைப் புதுப்பிக்கும்போது பழையதன் மேலேயே எழுதாது. பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பாக முழுவதையும் எழுதி முடித்து, கடைசியில்தான் பெயரை மாற்றும். அதாவது 912 எம்பி கோப்பை மாற்ற அந்த நேரத்துக்கு இன்னொரு 912 எம்பி காலியிடம் வேண்டும். இடம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும், வெளியேறும் எண் 11 (கோப்பைப் படிப்பதில் அல்லது எழுதுவதில் பிழை; 0 என்றால் வெற்றி). பழைய கோப்பு பத்திரமாக அப்படியே இருக்கும். ஆனால் ஆர்சிங்க் ஒரு அடைவில் முதலில் கோப்புகளை எடுத்துவிட்டுத்தான் உள்ளடைவுகளுக்குள் போகும். உங்கள் நேரக் கோப்பு மேல் அடைவில் இருக்கிறது, அளவோ சில பைட்டுகள். ஒவ்வொரு மணி நேரமும் அது முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அதற்குப் பின்னால் பெரிய கோப்பு விழும். வெளியிலிருந்து பார்க்கிற உங்களுக்கு மிரர் நலமாகத் தெரியும்.

ஆகவே சிங்க் தொடங்கியதற்கான அடையாளத்தை நம்பாதீர்கள், முடிந்ததற்கான அடையாளம் வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் மிரர் கருவியான எஃப்டிபிசிங்க் இதை அழகாகச் செய்கிறது. ஒவ்வொரு மிரரும் தன் பெயரில் ஒரு தடயக் கோப்பை, எல்லாம் இறங்கி முடிந்த பிறகே, தானே எழுதிக்கொள்ளும். அதே கருவி சிங்க்கை இரண்டு கட்டமாகவும் நடத்துகிறது. முதல் கட்டத்தில் தொகுப்புகள், இரண்டாவதில் அவற்றைச் சுட்டும் பட்டியல்கள், பழையவற்றை அழிப்பது அதற்கும் பிறகு. வரிசை மாறினால் பட்டியலில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது, பயனருக்கு 404 ("கோப்பு இல்லை") வரும். உங்கள் திட்டம் சிறியது, அவ்வளவு தேவையில்லை. மிரர் நடத்துபவர்களுக்கு ஒரு பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுங்கள்: நேரக் கோப்பை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடு, வெளியேறும் எண் 0 என்றால் மட்டும் நேரக் கோப்பை எடு.

உங்கள் பக்கத்தில், நேரத்தோடு கடைசி மூன்று வெளியீடுகளின் கோப்பு அளவையும் ஹெட் கோரிக்கையால் (கோப்பை இறக்காமல் அதன் விவரத்தை மட்டும் கேட்பது) மணிக்கு ஒருமுறை பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை முழுக் கோப்பையும் இறக்கி செக்சம் பாருங்கள், தினமும் செய்தால் அவர்களுடைய அலைவரிசையை நாமே தின்றதாகும். 200 ("சரி") என்று பதில் வந்தாலே நிம்மதி அடையாதீர்கள். சில இடங்களில் கோப்பு இல்லாவிட்டாலும் "பக்கம் இல்லை" என்ற எச்டிஎம்எல்லை 200 போட்டு அனுப்புவார்கள். அளவைப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

உரைக் கோப்புப் பட்டியலிலிருந்தும் வெளியே வாருங்கள். விஎல்சிக்காரர்களான வீடியோலேன் பயன்படுத்தும் மிரர்பிட்ஸ் மாதிரி ஒரு திருப்பிவிடும் சர்வர் இருந்தால், கேட்ட கோப்பு எந்த மிரரில் சரியான அளவில் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் பயனரை அனுப்பும். பின்தங்கியது தானாக ஓரம் போகும், பிடித்துவிட்டதும் தானாகத் திரும்பும். யாரையும் "எடுக்க" வேண்டியதே இல்லை. உங்கள் உறுத்தலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே பெயரில் கோப்பை மாற்றுவது பற்றி அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். செய்யவே செய்யாதீர்கள். பாதி இறக்கி நின்றுபோன பதிவிறக்கத்தைப் பயனர் மறுபடி தொடங்கும்போது, திருப்பிவிடும் சர்வர் அவரை வேறு மிரருக்கு அனுப்பலாம். முன்பாதி பழைய கோப்பு, பின்பாதி புதியது. அப்படி ஒட்டுப்போட்ட கோப்பு யாருடைய செக்சத்தோடும் பொருந்தாது, அதற்கான காரணத்தை உங்களால் எந்த மிரரிலும் கண்டுபிடிக்கவும் முடியாது. சின்னத் திருத்தம் என்றாலும் கடைசி எண்ணைக் கூட்டிப் புதுப் பெயரில் விடுங்கள்.

இரவுக்காவல்:

நான் எதிர்ப்பக்கத்து ஆள், மிரர் நடத்துபவன். ஏழு திட்டங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

கூச்சப்படாமல் எழுதுங்கள் அம்மா. எங்கள் மிரர் பழுதானது பல நேரம் எங்களுக்கே தெரியாது. கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) அனுப்பும் தோல்வி மின்னஞ்சல்கள் யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும், அதை அமைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். "உங்கள் மிரரில் இந்தக் கோப்பின் அளவு இவ்வளவு இருக்க வேண்டும், இவ்வளவுதான் இருக்கிறது, இந்தத் தேதியிலிருந்து" என்று மூன்று வரி வந்தால் அன்றைக்கே சரிசெய்துவிடுவேன். "உங்கள் மிரர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் வந்தால் நான் என்ன தேடுவது? ஒவ்வொரு மிரருக்கும் இரண்டு தொடர்பு முகவரிகள் வாங்கி வையுங்கள். ஒன்று ஆளுடையது, ஒன்று பொறுப்புக்கானது.

அப்புறம், எவ்வளவு இடம் பிடிக்கும், வருடத்துக்கு எவ்வளவு வளரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வட்டு நிறைவது பெரும்பாலும் எங்கள் அலட்சியம் இல்லை. ஒரு திட்டம் திடீரென்று தன் பழைய பதிப்புகளை எல்லாம் சேர்த்து வைக்கத் தொடங்கியதில் எங்கள் வட்டு ஒரே இரவில் நிறைந்து, மற்ற ஆறு திட்டங்களும் நின்றுபோயின. பழையவற்றைத் தனி மாட்யூலில் (ஆர்சிங்க்கில் தனியாக எடுக்கக்கூடிய பிரிவு) வைத்தால், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் மணி அடித்ததும் 0-ஆவது நிமிடத்தில் சிங்க் செய்கிறார்களா என்றும் பாருங்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வெளியீடு 2.5 ஜிபி என்றால் 34 மிரருக்கு 85 ஜிபி. உங்கள் முதன்மை சர்வரின் இணைப்பு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், 8 பிட் ஒரு பைட்) என்றால் நொடிக்கு 12.5 எம்பி, எல்லோருக்கும் போய்ச்சேர 1 மணி 53 நிமிடம், அதுவும் வேறு யாரும் எதுவும் இறக்காமல் இருந்தால். அடுத்த மணி அடிக்கும்போது முந்தைய சிங்க் ஓடிக்கொண்டே இருக்கும். பூட்டு போடாத ஸ்கிரிப்டுகள் அதன் மேல் இன்னொன்றைத் தொடங்கும். ஆர்ச் லினக்ஸ் மாதிரி அடுக்கு வையுங்கள். நல்ல இணைப்புள்ள நான்கைந்து பேர் மட்டும் உங்களிடம் எடுக்கட்டும், மற்றவர்கள் அவர்களிடம் எடுக்கட்டும்.

வெளியீட்டு நாளில் நெரிசல் வேண்டாமென்றால் ஃபெடோரா லினக்ஸ்காரர்கள் செய்வதைப் பாருங்கள். கோப்புகளை முன்பே மிரர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள், ஆனால் வெளியாட்கள் படிக்க அனுமதி இல்லாமல். சிங்க்கில் கோப்பு இறங்கும், இணையச் சர்வர் காட்டாது. குறித்த நேரத்தில் அனுமதியை மட்டும் திறந்தால், அடுத்த சிங்க்கில் எல்லா இடத்திலும் கதவு திறந்துவிடும்.

சாவிக்கொத்து:

கையொப்பம் பற்றிக் கயிற்றுப்பாலம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த முறை தற்செயல் என்று தெரியவந்தாலும், கை நடுங்கியது நியாயமான பயம்தான். 2012 செப்டம்பரில் திறமூல மென்பொருள்களைப் பகிரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் ஒரு மிரரில், தரவுத்தளங்களை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் 3.5.2.2 தொகுப்புக்குள் பின்வாசல் வைக்கப்பட்டது. 2017 மே 2 முதல் 6 வரை வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கின் ஒரு பதிவிறக்க மிரரில் மேக் கோப்பு மாற்றப்பட்டிருந்தது. முதன்மைச் சர்வர் சுத்தம், மிரரில்தான் நஞ்சு. 2008-இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் சர்வர் வாடகைக்கு எடுத்து, உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ், ஓப்பன்சூசே ஆகிய ஐந்து லினக்ஸ் வழங்கல்களிலும் அதிகாரபூர்வ மிரராகச் சேர்ந்து காட்டினார்கள்.

எனவே மிரரிடம் அலைவரிசையை மட்டும் வாங்குங்கள், நம்பிக்கையை வாங்காதீர்கள். செக்சம் பட்டியலும், கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச்சாவியும் உங்கள் சொந்தத் தளத்தில், எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் இருக்க வேண்டும். கோப்போடு அதே மிரரில் இருக்கும் செக்சம் எதையும் நிரூபிக்காது, கோப்பை மாற்றியவன் அதையும் மாற்றியிருப்பான். தானியங்கிப் புதுப்பிப்பு இருந்தால் காலாவதியும் வேண்டும். சரியான கையொப்பத்தோடு பழைய, ஓட்டையுள்ள பதிப்பையே ஒரு மிரர் காட்டிக்கொண்டிருக்க முடியும். டெபியன், தொகுப்புப் பட்டியல்களைச் சான்றளிக்கும் தன் ரிலீஸ் கோப்பில் செல்லுபடியாகும் கடைசித் தேதி போடுவது இதற்காகத்தான்.

நூலேணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

கையொப்பம் எங்கள் சாவியோடு பொருந்திவிட்டது. எங்கள் குழுவில் கேட்டபோதுதான் தெரிந்தது: வெளியிட்ட 50-ஆவது நிமிடத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பு விடுபட்டதைப் பார்த்து, தொகுப்பைத் திரும்பக் கட்டி அதே பெயரில் ஏற்றியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. இனிமேல் அந்த அடைவில் ஒருமுறை ஏறிய பெயரில் மறுபடி ஏற்ற முடியாதபடி வெளியீட்டு ஸ்கிரிப்டிலேயே தடுத்துவிட்டோம்.

இரவுக்காவல் சொன்ன மாதிரி மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பினேன். 40 நிமிட மிரர்க்காரர் இரண்டு மணி நேரத்தில் பதில் போட்டார். காலியிடம் 600 எம்பி. கயிற்றுப்பாலம் சொன்னது அப்படியே. பழைய பதிவுக் கோப்புகளை அழித்து இடம் விட்டதும் அடுத்த சிங்க்கில் கோப்பு சரியாகிவிட்டது, பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டேன். இன்னொன்றில் சர்வரை மாற்றியபோது கிரான் விட்டுப்போயிருக்கிறது, அதுவும் சரியாகிவிட்டது.

மூன்றாவதுதான் ஆரம்பகாலத் துணைவர். மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. எங்கள் பழைய மடல் காப்பகத்தில் அவருடைய முதல் மடலைத் தேடி எடுத்தேன், அதில் வேறொரு முகவரி இருந்தது. அதற்கு எழுதியிருக்கிறேன். முதல் வரியில் நன்றி, அதன் பிறகு கோப்பின் பெயர், இருக்க வேண்டிய அளவு, இருக்கும் அளவு, தேதி. மிரர்பிட்ஸை ஒரு சோதனைச் சர்வரில் நிறுவி 33 மிரர்களையும் அதில் ஏற்றியாயிற்று. அவருடையதை அணைத்து வைத்த நிலையில் 34-ஆவதாகச் சேர்த்திருக்கிறேன், பதில் வந்ததும் திறந்துவிடலாம்.