மகளின் கைப்பேசியில் சுவிஸ் ரோமிங்கைப் பூட்ட வழி வேண்டும்

கணவரின் பணி காரணமாக, சுவிட்சர்லாந்தை ஒட்டிய கான்ஸ்டன்ஸ் என்னும் ஜெர்மன் நகரில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயது மகளிடம் ஆண்ட்ராய்டு 14 கைப்பேசியும் ஜெர்மன் ப்ரீபெய்டு சிம்மும் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூனிலிருந்து ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் இல்லை என்றாலும், சுவிட்சர்லாந்து அதில் சேராது. ஏரிக்கரையில் நடக்கும்போதே கைப்பேசி சுவிஸ் கோபுரத்துக்குத் தாவிவிடுகிறது. இரண்டு வீடியோ ஓடுவதற்குள் இருப்புத் தொகை முழுவதும் கரைந்து, அவசரத்துக்கு எங்களை அழைக்கக்கூட அவளிடம் பணம் இருப்பதில்லை. கடந்த மாதத்திலிருந்து இதே நிலைதான்.

டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தேன். இணையம் நின்றதும் அவளே அமைப்புகளுக்குள் சென்று மீண்டும் இயக்கிவிடுகிறாள். பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியில் திரை நேரத்தையும் செயலிகளையும் கட்டுப்படுத்த முடிகிறதே தவிர, ரோமிங்கைத் தொட முடியவில்லை. ஜெர்மன் நெட்வொர்க்கை மட்டும் கைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், சிக்னல் குறையும் இடங்களில் தொடர்பே அறுந்துபோகிறது. அவள் தனியாகப் பள்ளிக்குச் செல்லும் நேரத்தில் அதை என்னால் ஏற்க முடியாது. சிம் நிறுவனமோ, எல்லா நாடுகளுக்கும் சேர்த்துத்தான் ரோமிங்கை நிறுத்த முடியும் என்கிறது. விடுமுறைக்கு சூரிக் வழியாக ரயிலில் மிலான் செல்லவிருப்பதால், இத்தாலியில் அவளுக்கு ரோமிங் தேவைப்படும்.

அழைப்புகள் தடையின்றி இயங்க, டேட்டா ரோமிங் பொத்தானை மட்டும் மகளால் மாற்ற இயலாதவாறு பெற்றோர் கடவுச்சொல்லால் பூட்டுவதற்கு, நீங்கள் பயன்படுத்திப் பார்த்த வழி ஏதேனும் உள்ளதா?